லேசரை ஆடாமல் பிடிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு பீன்யா பக்கம் ஒளியியல் வேலை பார்க்கிறேன். கோவை, மதுரை, திருச்சி கல்லூரிகளிலிருந்து இங்கே ப்ராஜெக்ட் செய்ய வரும் பிள்ளைகள் லேசர் தகவல் தொடர்பு (செயற்கைக்கோள்களுக்கு நடுவிலும் தரைக்கும் ரேடியோவுக்குப் பதில் லேசர் ஒளியில் தகவல் அனுப்புவது) பற்றிக் கேட்கும் கேள்விகள் வருஷா வருஷம் ஏறக்குறைய ஒன்றேதான். டீக்கடையில் நின்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். எல்லோரும் முதலில் கேட்பது லேசர் எத்தனை வாட், வேகம் எத்தனை ஜிபிபிஎஸ் (வினாடிக்கு எத்தனை நூறு கோடி பிட்) என்பதுதான். என் கட்சி வேறு. இந்தத் தொழிலில் லேசர்தான் இருப்பதிலேயே சுலபமான பகுதி, கடைக்குப் போய் வாங்கிவிடலாம். அதை ஆடாமல் சரியான திசையில் பிடித்து வைப்பதில்தான் பாதிக்கு மேல் உழைப்பு போகிறது.

லேசர் நேராகத்தானே போகும்? இதில் குறிபார்க்க அப்படி என்ன இருக்கிறது?

நேராகத்தான் போகும், ஆனால் விரிந்துகொண்டே போகும். எவ்வளவு விரியும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: அலைநீளம், வெளியே அனுப்பும் தொலைநோக்கியின் விட்டம். 1550 நானோமீட்டர் லேசரை 10 செ.மீ. தொலைநோக்கி வழியாக அனுப்பினால் கற்றையின் விரிவு சுமார் 20 மைக்ரோரேடியன். 1000 கி.மீ. தள்ளிப் போய்ப் பார்த்தால் அது 20 மீட்டர் அகல வட்டம், 40,000 கி.மீ. தள்ளி 800 மீட்டர் வட்டம். அந்த வட்டத்துக்குள் எதிர் முனை, அதாவது ஒளியை வாங்கும் மறுபக்கக் கருவி, இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை.

இதே வேலையை 30 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் 1 மீட்டர் டிஷ் வைத்துச் செய்தால் 1000 கி.மீ.யில் கற்றை ஏறக்குறைய 12 கி.மீ. அகலம் இருக்கும், கிட்டத்தட்டத் திருப்பி வைத்தாலே போதும். லேசர் கற்றை அகலத்தில் அதைவிட 600 மடங்கு சின்னது, பரப்பில் மூன்றரை லட்சம் மடங்குக்கு மேல் சின்னது. அனுப்பும் சக்தி எல்லாம் அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே குவிவதால்தான் அரை வாட் லேசர் நிலாவிலிருந்துகூடக் காரியத்தை முடிக்கிறது. அந்தச் சௌகரியத்துக்குக் கொடுக்கும் விலைதான் குறிபார்ப்பது.

மைக்ரோரேடியன் என்பது எவ்வளவு சின்னது என்றே பிடிபடவில்லை, அண்ணா.

ரேடியனில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 1000 கி.மீ. தூரத்தில் 1 மைக்ரோரேடியன் என்பது 1 மீட்டர், இதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் மற்றதெல்லாம் பெருக்கல்தான். பெங்களூரு மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து சென்னை சென்ட்ரல் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 290 கி.மீ. நடுவில் மலையும் பூமியின் வளைவும் மறைக்கவில்லை என்று வைத்துக்கொண்டால், சென்ட்ரல் வாசலில் ஒருவர் நிறுத்திப் பிடித்திருக்கும் ஒரு அடி ஸ்கேல் மெஜஸ்டிக்கிலிருந்து பார்க்க 1 மைக்ரோரேடியன். முழு நிலா 9000 மைக்ரோரேடியன் இருக்கும்.

கற்றையைக் கொஞ்சம் அகலமாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

பாதி தீரும், மீதி வேறு இடத்தில் முளைக்கும். அகலத்தை இரண்டு மடங்காக்கினால் எதிர் முனைக்குக் கிடைக்கும் ஒளி கால் பங்காகிவிடும். அதை ஈடுகட்ட நாலு மடங்கு சக்தி வேண்டும், செயற்கைக்கோளில் சக்தி என்றால் சூரியத்தகடு, பேட்டரி, சூட்டை வெளியேற்றும் ஏற்பாடு என்று எடை ஏறிக்கொண்டே போகும்.

மறுபக்கமும் சொல்கிறேன். கற்றை 20 மைக்ரோரேடியன் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறி 2 மைக்ரோரேடியன் தவறினால் இழப்பு 8 சதவீதம், யாரும் கவலைப்பட மாட்டார்கள். 5 தவறினால் கிட்டத்தட்ட 40 சதவீதம் போய்விடும். 10 தவறினால் மிஞ்சுவது 13 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. இந்தச் சரிவுதான் பயங்கரம், ஏனென்றால் தவறு இரண்டு மடங்காகும்போது இழப்பு இரண்டு மடங்காவதில்லை, கதை கந்தலாகிவிடுகிறது. அதனால் ஆட்டம் கற்றை அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்று ஆரம்பத்திலேயே ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. ஆட்டத்தை அந்தக் கோட்டுக்குள் கொண்டுவரவே முடியவில்லை என்றால் அப்போது கற்றையை அகலமாக்குங்கள், தப்பில்லை. ஆட்டம் எவ்வளவு என்றே அளக்காமல் அகலமாக்குவதுதான் தப்பு.

எதிர் முனை எங்கே இருக்கிறது என்று முதலில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இந்தக் கட்டத்துக்கு அக்விசிஷன் என்று பேர். எல்லாத் திட்டங்களிலும் ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான்.

இரண்டு செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதையும் தெரியும், ஸ்டார் டிராக்கர் நட்சத்திரங்களைப் பார்த்து நம் செயற்கைக்கோள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லும். ஆனால் ஸ்டார் டிராக்கருக்கும் தொலைநோக்கிக்கும் நடுவில் உள்ள சட்டம் வெயில் பட்டால் வளையும், ராக்கெட் ஏறும்போது போல்ட் நுனியளவு நகர்ந்திருக்கும், பாதைக் கணக்கிலும் கொஞ்சம் பிழை இருக்கும். எல்லாம் சேர்த்தால் ‘இந்தப் பக்கம்தான் இருக்கிறது, ஆனால் 2000 மைக்ரோரேடியன் அகலக் கட்டத்துக்குள் எங்கே என்று தெரியாது’ என்கிற நிலைமை. 20 மைக்ரோரேடியன் கற்றையை வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தைத் துழாவ 100க்கு 100, அதாவது 10,000 இடங்களைத் தொட வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் 1 மில்லிசெகண்ட் நின்றால் 10 வினாடி. அதுவும் அந்தச் சமயத்தில் எதிர் முனையும் நம் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால்தான்! அதற்கும் இதே சந்தேகக் கட்டம் இருக்கிறதே.

வழக்கமாக நடுவிலிருந்து ஆரம்பித்துச் சுருள் சுருளாக வெளியே போவார்கள், காரணம் எதிர் முனை நடுவுக்குப் பக்கத்தில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சுருளின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் இடைவெளி விடாமல் கொஞ்சம் மேலே மேலே விழும்படி வைக்க வேண்டும், ஏனென்றால் துழாவிக்கொண்டிருக்கும்போதே செயற்கைக்கோள் ஆடும். அந்த ஆட்டத்தில் இரண்டு சுற்றுக்கு நடுவில் விழுந்த ஓட்டையில்தான் எதிர் முனை உட்கார்ந்திருக்கும், நம் அதிர்ஷ்டம் அப்படி.

இன்னொரு வழி பீக்கன். தகவல் கொண்டுபோகும் ஒல்லியான கற்றையை விட்டுவிட்டு, அகலமான வேறொரு கற்றையை முதலில் அடித்து ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று காட்டுவது. எதிர் முனை அதைப் பார்த்ததும் தன் ஒல்லிக் கற்றையை நம் பக்கம் திருப்பும், அதைப் பார்த்து நாம் நம்முடையதைத் திருப்புவோம், அப்புறம் பீக்கனை அணைத்துவிடலாம். ஐரோப்பாவின் ஆர்டெமிஸ் செயற்கைக்கோள் இப்படித்தான் செய்தது. ஜெர்மனியில் செய்த பிற்கால டெர்மினல்கள் (தொலைநோக்கி, லேசர் எல்லாம் சேர்ந்த தொடர்புக் கருவி) பீக்கனே இல்லாமல் தகவல் கற்றையை வைத்தே துழாவின, ஒரு பெட்டி குறைந்தது.

பிடித்த பிறகு? அப்படியே விட்டுவிடலாமா?

விடவே முடியாது. இனிமேல்தான் டிராக்கிங். வினாடிக்குப் பல நூறு தடவை, சில ஆயிரம் தடவைகூட, திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

வேலையை இரண்டாகப் பிரிப்பார்கள். பெரிய அசைவுக்கு மோட்டார் வைத்த கிம்பல் (தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கி), அது மெதுவாகத் திரும்பும், ஆனால் வானத்தில் பெரிய பகுதியைச் சுற்றிவரும். சின்ன, வேகமான அசைவுக்கு ஃபாஸ்ட் ஸ்டியரிங் மிரர், நாணயம் அளவுள்ள ஒரு கண்ணாடி. கண்ணாடியின் அசைவு எல்லையைத் தொடுவதற்குள் கிம்பல் மெதுவாக நகர்ந்து அதை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் பார்த்துக்கொள்வது கண்ட்ரோல் ஆட்களின் பாடு.

இதில் புதுசாக வருபவர்கள் குழம்பும் கணக்கு ஒன்று உண்டு. கண்ணாடி தொலைநோக்கிக்கு உள்ளே, ஒல்லிக் கற்றை போகும் இடத்தில் இருக்கிறது. தொலைநோக்கி 10 மடங்கு பெரிதாக்கினால், வெளியே 1 மைக்ரோரேடியன் என்பது உள்ளே 10 மைக்ரோரேடியன். கண்ணாடி திரும்பினால் கற்றை அதைப்போல் இரண்டு மடங்கு திரும்பும், ஆகவே கண்ணாடி 5 மைக்ரோரேடியன் சாய்ந்தால் போதும். இது நமக்குச் சாதகம்: சின்னச் சின்னத் திருத்தங்களைக் கண்ணாடியில் பெரிய அசைவாகச் செய்துகொள்ளலாம். பாதகம் என்னவென்றால் கண்ணாடி 2 மில்லிரேடியன் வரை சாயும் என்று டேட்டாஷீட் பெருமையாகச் சொன்னாலும் வெளியே கிடைப்பது 0.4 மில்லிரேடியன்தான். டேட்டாஷீட்டில் போட்டிருக்கும் எண் கண்ணாடி சாயும் கோணமா, ஒளி திரும்பும் கோணமா என்று ஆர்டர் போடுவதற்கு முன் மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

கண்ணாடியை அசைக்க பீசோ நல்லதா, வாய்ஸ் காயில் நல்லதா?

பீசோ என்பது மின்னழுத்தம் கொடுத்தால் நீளும் படிகம், வாய்ஸ் காயில் என்பது ஸ்பீக்கரில் இருப்பது போன்ற காந்தமும் கம்பிச்சுருளும். பீசோ விறைப்பானது, வேகமானது, ஆனால் அசையும் தூரம் குறைவு, மின்னழுத்தத்தை ஏற்றும்போது போன வழியிலேயே இறக்கும்போது திரும்பாது, உயர் மின்னழுத்தம் கேட்கும். வாய்ஸ் காயில் நிறைய அசையும், சாதாரண மின்னழுத்தம் போதும், ஆனால் நடுவில் பிடித்திருக்கும் ஸ்பிரிங்குக்கென்று ஒரு அதிர்வெண் இருக்கும், அதைக் கண்ட்ரோல் லூப்பில் (தவறை அளந்து திருத்தி, மறுபடி அளக்கும் சுற்று) கவனிக்காமல் விட்டால் தந்தியில் தட்டியதுபோல் அதிர ஆரம்பித்துவிடும். சின்ன டெர்மினல்களுக்குச் சிலிக்கானில் செய்த மெம்ஸ் கண்ணாடியும் வருகிறது, விலை மலிவு, ஆனால் கண்ணாடி சின்னது, அதிக சக்தி தாங்காது. என்னைக் கேட்டால், கையில் முதல் ப்ராஜெக்ட் என்றால் வாய்ஸ் காயில்.

கற்றை நகர்ந்துவிட்டது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்கிறார்கள்?

பழைய நம்பிக்கையான ஆள் குவாட் டிடெக்டர். ஒரு வட்டத்தைக் கூட்டல் குறி போட்டு நாலாக வெட்டிய மாதிரி நாலு ஒளி உணரிகள், நடுவில் தலைமுடி அகலத்துக்கும் குறைவான இடைவெளி. எதிர் முனையிலிருந்து வரும் ஒளிப்புள்ளி சரியாக நடுவில் விழுந்தால் நாலிலும் ஒரே அளவு மின்னோட்டம். வலப்பக்கம் நகர்ந்தால் வலது இரண்டும் கூடும், இடது இரண்டும் குறையும். வலதின் கூட்டலிலிருந்து இடதின் கூட்டலைக் கழித்து மொத்தத்தால் வகுத்தால் பக்கவாட்டுத் தவறு, மேல் கீழுக்கும் இதே கதை. மொத்தத்தால் வகுப்பதை மறந்துவிட்டால், மேகம் மெல்லிசாகக் குறுக்கே வந்து ஒளி மங்கும்போது லூப் தன் பலத்தை இழந்துவிடும்.

ஆஸிலோஸ்கோப்பில் இந்தக் கழித்தல் சிக்னலைப் போட்டுப் பார்த்தால் லேபின் ஜாதகமே தெரியும். ஏசி கம்ப்ரசர் ஓட ஆரம்பித்ததும் ஒரு தனி நடுக்கம் வந்து சேரும், வெளியே ரோட்டில் லாரி போனால் மெதுவான ஒரு அலை, பக்கத்து அறையில் யாராவது கதவைச் சாத்தினால் ஒரு துள்ளல், அது அடங்க அரை வினாடி. பீன்யாவில் பகலில் எடுத்த அளவையும் நள்ளிரவு தாண்டி எடுத்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே மேசையில் எடுத்தது என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள்.

குவாட் டிடெக்டரின் குறை, அது பார்க்கும் பரப்பு சின்னது. முதலில் துழாவிப் பிடிக்கக் கேமரா, பிடித்த பிறகு குவாட் என்று இரண்டும் வைப்பது சகஜம். வரும் ஒளியைச் சிங்கிள் மோட் ஃபைபருக்குள் (ஒளி போகும் மெல்லிய கண்ணாடி இழை) செலுத்தும் அமைப்புகளில் வேறொரு தந்திரம்: புள்ளியை வேண்டுமென்றே ஃபைபர் முனையைச் சுற்றி ஒரு சின்ன வட்டத்தில் ஆட்டுவது. எந்தப் பக்கம் போகும்போது சிக்னல் கூடுகிறதோ அந்தப் பக்கம் நகர்த்தினால் நடு கிடைத்துவிடும். தனி டிடெக்டர் தேவையில்லை, ஆனால் எப்போதும் கொஞ்சம் ஒளியை வீணாக்கிக்கொண்டே இருப்போம். ஃபைபரின் ஒளி போகும் பகுதி சுமார் 10 மைக்ரான் விட்டம்தான் இருக்கும் என்பதால் இந்தக் கடைசிப் படியில் சொதப்புபவர்கள் நிறைய.

விண்வெளியில் ரோடும் லாரியும் கிடையாதே, அங்கே ஏன் ஆட வேண்டும்?

அங்கே லாரி செயற்கைக்கோளுக்குள்ளேயே ஓடுகிறது. திசையைத் திருப்ப உதவும் ரியாக்ஷன் வீல் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் 50 ஹெர்ட்ஸில் ஒரு நடுக்கம், அதன் மடங்குகளிலும் நடுக்கம். வீலின் வேகம் மாற மாற நடுக்கத்தின் அதிர்வெண்ணும் மாறும், போகிற வழியில் ஏதாவது ஒரு பாகத்தின் சொந்த அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் அது பெரிதாகக் குலுங்கும். சூரியத்தகட்டைத் திருப்பும் மோட்டார் படி படியாக நகரும். கேமராவைக் குளிர்விக்கும் பம்ப் இருந்தால் அதன் பங்கு வேறு. நிழலிலிருந்து வெயிலுக்கு வரும்போது தகடுகள் சட்டென்று விரியும்.

இதைச் சமாளிக்க மூன்று வழிகள் உண்டு. டெர்மினலுக்கு அடியில் மெத்தென்ற தாங்கிகள் வைப்பது, வேகமான கண்ணாடியால் துரத்துவது, அல்லது டெர்மினலுக்கே சொந்தமாக அசைவுமானி வைத்து எதிர் முனை ஒளியை நம்பாமல் தன்னைத் தானே நிலைநிறுத்துவது. தூரம் அதிகமானால் எதிர் முனையிலிருந்து வரும் ஒளி மங்கலாக இருக்கும், அதை வைத்து வினாடிக்கு ஆயிரம் தடவை திருத்த முடியாது, அங்கே மூன்றாவது வழிதான் கைகொடுக்கும். நல்ல குழுக்கள் மூன்றையுமே கலந்து செய்கின்றன.

பாயின்ட் அஹெட் என்கிறார்களே, அது என்ன?

ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவர் படிக்கட்டு இப்போது இருக்கும் இடத்தை நோக்கியா ஓடுகிறார்? அது வரப்போகும் இடத்துக்குத்தான் ஓடுகிறார். எதிர் முனையிலிருந்து நமக்கு வந்த ஒளி அது பழைய இடத்தில் இருந்தபோது கிளம்பியது, நாம் அனுப்புவது போய்ச்சேரும்போது அது இன்னும் நகர்ந்திருக்கும். குறுக்குவாட்டு வேகத்தை இரண்டால் பெருக்கி ஒளியின் வேகத்தால் வகுத்தால் எவ்வளவு முன்னால் குறிவைக்க வேண்டும் என்பது வந்துவிடும். தாழ்வான சுற்றுப்பாதையில் வேகம் வினாடிக்கு 7.5 கி.மீ. என்றால் 50 மைக்ரோரேடியன். நம் கற்றையே 20தான்! அதாவது வரும் ஒளியை அப்படியே திரும்பிப் பார்த்து அனுப்பினால் கற்றை முழுசாக வேறெங்கோ போய் விழும். இந்தக் கணக்கில் தூரமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள், வேகம் மட்டும்தான்.

இதனால் அனுப்பும் பாதையும் வாங்கும் பாதையும் உள்ளே தனித்தனியாகப் பிரிய வேண்டும், நடுவில் இன்னொரு சின்னக் கண்ணாடி வைத்து 50 மைக்ரோரேடியன் கோணம் கொடுக்க வேண்டும். பிரிந்த பிறகு இரண்டு பாதைகளுக்கும் நடுவில் சூட்டினால் வரும் விலகலை எந்தக் குவாட் டிடெக்டரும் பார்க்காது. அதைத்தான் நேர்காணலில் கேட்பேன்.

நகரும் பாகமே இல்லாமல் கற்றையைத் திருப்ப முடியாதா?

முடியும், ஓரளவுக்கு. ஆப்டிகல் ஃபேஸ்டு அர்ரே என்று ஒரு சில்லில் (சிப்) நூற்றுக்கணக்கான குட்டி ஒளிவாசல்களை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒளியைக் கொஞ்சம் கொஞ்சம் தாமதப்படுத்தினால் கற்றை ஒரு பக்கம் சாயும். வாசல்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி அரை அலைநீளத்துக்கு மேல் போனால் வேண்டாத திசைகளிலும் கற்றைகள் முளைக்கும், நெருக்கி வைத்தாலோ பக்கத்து வாசலுக்குள் ஒளி கசியும். கூகுளின் தாய் நிறுவனத்தில் தொடங்கிய தாரா குழு 2025இல் விரல் நகம் அளவு சில்லைக் காட்டியது தரையிலுள்ள லிங்குகளுக்காக. விண்வெளித் தூரங்களுக்கு 10 செ.மீ. அகல வாசலை முழுக்கச் சில்லாகச் செய்வது இன்னும் தூரத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். நடுவழியாக, ஆப்பு வடிவக் கண்ணாடித் துண்டுகள் இரண்டைச் சுழற்றித் திருப்பும் ரிஸ்லி ப்ரிஸம் பலருக்குப் பிடித்தமானது. அச்சு நன்றாக இருந்தால் ஆட்டமும் குறைவு.

சின்ன கியூப்சாட்டில் இதெல்லாம் அடங்குமா?

கியூப்சாட் என்பது 10 செ.மீ. கனசதுரங்களை அடுக்கிய குட்டிச் செயற்கைக்கோள், அதில் கிம்பலுக்கு இடம் இருக்காது. அதனால் செயற்கைக்கோளையே திருப்பிக் குறிவைப்பார்கள், உள்ளே ஒரு மெம்ஸ் கண்ணாடி மட்டும். நாசாவின் டிபேர்ட் என்ற சின்னப் பெட்டி 2022இல் செயற்கைக்கோளோடு சேர்ந்து திரும்பிக்கொண்டே தரைக்கு 100 ஜிபிபிஎஸ், அடுத்த வருஷம் 200 ஜிபிபிஎஸ் அனுப்பியது. தரை நிலையம் தலைக்கு மேல் தெரியும் சில நிமிடங்களில் கொட்டிவிட்டுப் போவது, அவ்வளவுதான் அதன் வேலை.

இதெல்லாம் யார் யார் செய்து காட்டியிருக்கிறார்கள்?

சுருக்கமாக. 2001 நவம்பரில் ஆர்டெமிஸும் பிரான்சின் ஸ்பாட் 4உம் 50 எம்பிபிஎஸ்ஸில் (வினாடிக்கு 5 கோடி பிட்) பேசின. 2005 டிசம்பரில் ஜப்பானின் கிராரி ஆர்டெமிஸோடு இரண்டு பக்கமும் பேசியது. 2008இல் ஜெர்மனியின் டெர்ராசார்-எக்ஸுக்கும் அமெரிக்காவின் என்ஃபயருக்கும் நடுவில் 5.6 ஜிபிபிஎஸ். 2013 அக்டோபரில் நிலாவைச் சுற்றிய லாடியிலிருந்து அரை வாட் லேசரும் 10 செ.மீ. தொலைநோக்கியும் வைத்து 622 எம்பிபிஎஸ். 2016 முதல் ஐரோப்பாவின் இடிஆர்எஸ் இதைத் தினசரிச் சேவையாகவே நடத்துகிறது. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் இப்போது ஒன்றோடொன்று லேசரில்தான் கை கோத்திருக்கின்றன.

என்னை வாய்பிளக்க வைத்தது நாசாவின் சைக்கி விண்கலத்தில் போன டிசாக் என்ற லேசர் கருவி. 2023 டிசம்பரில் 3.1 கோடி கி.மீ. தூரத்திலிருந்து 267 எம்பிபிஎஸ்ஸில் ஒரு பூனை வீடியோவை அனுப்பினார்கள். தூரம் அவ்வளவு என்றால் ஒளி வந்துசேரவே 100 வினாடிக்கு மேல். கலிஃபோர்னியாவின் டேபிள் மவுண்டனிலிருந்து பீக்கன் அடித்தார்கள், விண்கலம் அதைப் பார்த்து, தான் பதில் அனுப்பும் ஒளி போய்ச்சேரும் நேரத்தில் பூமி எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டு, பலோமர் மலையின் 5 மீட்டர் தொலைநோக்கியைப் பார்த்து அடித்தது. பூமி சூரியனைச் சுற்றும் வேகம் வினாடிக்கு 30 கி.மீ., அந்த வேகம் முழுசும் குறுக்குவாட்டில் இருந்தால் முன்குறி 200 மைக்ரோரேடியன். தவறினால் இங்கிருந்து திருத்தம் சொல்லிப் போய்ச்சேருவதற்குள் விடிந்துவிடும்.

இந்தியாவில்? நம்ம ஊரில்?

அகமதாபாதில் இஸ்ரோவின் எஸ்ஏசி (விண்வெளிப் பயன்பாட்டு மையம்) 2021இல் 300 மீட்டருக்குத் திறந்தவெளிக் குவாண்டம் தகவல் தொடர்பைச் (ஒளித்துகள்களை வைத்து ரகசியச் சாவி அனுப்புவது, இதற்கும் குறிபார்ப்பது வேண்டும்) செய்து காட்டியது. பெங்களூரு சதாசிவநகரில் உள்ள ராமன் ஆராய்ச்சி நிலையம் அதே வருஷம் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் 50 மீட்டரில் செய்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் 2023இல் சொன்னது: நிற்கும் அனுப்புநரும் நகரும் வாங்குநரும் வைத்து, சொந்தமாகச் செய்த குறிபார்க்கும் அமைப்போடு செய்தார்கள். தூரம் சில மீட்டர்தான், சிரிக்காதீர்கள், நகரும் வாங்குநரைத் துரத்துவதுதான் செயற்கைக்கோளுக்கு முதல் படி. 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் இயக்கத்தின் இலக்குகளில் 2000 கி.மீ. வரை செயற்கைக்கோள் வழிக் குவாண்டம் தொடர்பும் ஒன்று.

பீன்யாவிலேயே இஸ்ரோவின் மின்-ஒளியியல் ஆய்வகமான லியோஸ் இருக்கிறது, ஸ்டார் சென்சர்கள் அங்கே செய்கிறார்கள். ஆர்யபட்டா உருவானதும் அந்தப் பீன்யா ஷெட்டுகளில்தான்.

பெங்களூரு மழையிலும் மேகத்திலும் தரை நிலையம் வேலை செய்யுமா?

மேகத்தை எந்தக் கண்ணாடியும் துளைக்காது. ஒரே வழி பல இடங்களில் நிலையம் வைப்பது, அதுவும் ஒரே சமயத்தில் மேகம் மூடாத இடங்களாகப் பார்த்து. லடாக்கின் ஹான்லே 4500 மீட்டர் உயரத்தில் மழைமறைவில் இருக்கிறது, அங்கே உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியை பெங்களூருக்குப் பக்கத்து ஹோஸ்கோட்டேயில் உட்கார்ந்தே இயக்குகிறார்கள். தென்மேற்குப் பருவத்தில் மூடும் இடம் ஒன்று, வடகிழக்குப் பருவத்தில் மூடும் இடம் ஒன்று என்று ஜோடி சேர்த்தால் வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று திறந்திருக்கும். ஹான்லேயோடு தெற்கே ஒன்று என்றால் நான் கை தூக்குவேன்.

தெளிந்த வானத்திலும் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து கற்றையைக் கலைக்கும். மேலே அனுப்புவது கீழே வாங்குவதைவிட மோசம்: கொந்தளிப்பு எல்லாம் தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் மேலே போகும் கற்றை கிளம்பும்போதே சாய்ந்துவிடுகிறது, சாய்வு மீதித் தூரம் முழுக்கப் பெருகும். அதனால் மேலே அனுப்பும்போது பல கற்றைகளைத் தனித்தனி வாசல்கள் வழியாக அனுப்புவார்கள், எல்லாம் ஒரே நேரத்தில் கெட்டுப்போகாது.

மாடிக்கு மாடி லிங்க் வைக்க நினைக்கிறோம், அல்சூரிலிருந்து சிவாஜிநகருக்கு. இதற்கும் டிராக்கிங் வேண்டுமா?

தூரம் ஒன்றிரண்டு கி.மீ. என்றால் கற்றையை 2 மில்லிரேடியன் அகலமாக்கி, 1 கி.மீ.க்கு 2 மீட்டர் வட்டம் என்று வைத்துக்கொண்டு டிராக்கிங் இல்லாமலே ஓட்டலாம். ஆனால் மொட்டைமாடியில் எதன்மேல் பொருத்துகிறீர்கள் என்பதைப் பாருங்கள். 10 செ.மீ. தடிமனும் 1 மீட்டர் உயரமும் உள்ள இரும்புக் கம்பம், காலை வெயிலில் ஒரு பக்கம் மட்டும் 5 டிகிரி சூடானால் நுனி 600 மைக்ரோரேடியன் சாயும். சாயங்காலம் வேறு பக்கம் சாயும். தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டில் கட்டவே கட்டாதீர்கள், மோட்டார் ஓடும், தொட்டி நிரம்பும், எல்லாமே கோணத்தை மாற்றும். கான்கிரீட் தூணின் தலையில், வெள்ளைப் பெயின்ட் அடித்துக் குட்டையான தாங்கி, அதுதான் சரி.

மழையைவிட மூடுபனிதான் எதிரி. கனமழை 1 கி.மீ.க்கு 10 முதல் 20 டெசிபல் தின்னும் (ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒளி பத்தில் ஒரு பங்காகும்), அடர்ந்த மூடுபனி 100 டெசிபலுக்கு மேல். டெல்லியில் ஜனவரி மாதம் இந்த லிங்க்கை நம்பி ஆபீஸ் நடத்த முடியாது. பெங்களூரில் வருஷத்தில் பெரும்பாலான நாள் பிழைத்துக்கொள்ளலாம், கூடவே ஒரு ரேடியோ லிங்க் துணைக்கு இருக்கட்டும். 2021இல் தாரா குழு காங்கோ ஆற்றின் குறுக்கே பிராசவில்லிலிருந்து கின்ஷாசாவுக்கு 4.8 கி.மீ.க்கு லேசர் லிங்க் போட்டது, அதில் தானாகத் திருத்திக்கொள்ளும் கண்ணாடிகள் உண்டு. அந்தத் தூரத்துக்கு டிராக்கிங் இல்லாமல் போகாதீர்கள்.

1550 நானோமீட்டர் கண்ணுக்கு ஆபத்தில்லை என்கிறார்களே?

‘குறைந்த ஆபத்து’ என்று சொல்லுங்கள். அந்த அலைநீளம் விழித்திரையைச் சேருவதற்கு முன்பே கண்ணின் முன்பகுதியில் உறிஞ்சப்படுகிறது, அதனால் அனுமதிக்கப்பட்ட அளவு அதிகம். சக்தி கூடினால் முன்பகுதியே வெந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத கற்றை என்பதால் எங்கே போய்ப் பிரதிபலிக்கிறது என்பதும் தெரியாது. கைக்கடிகாரம், மோதிரம் கழற்றி வைத்துவிட்டு மேசைக்கு வாருங்கள்.

பணம் அதிகம் இல்லை. கல்லூரியில் எங்கே தொடங்குவது?

பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான எஸ்பி ரோட்டில் பழைய டிவிடி டிரைவ் ஒன்றிரண்டு வாங்குங்கள், சும்மா கொடுத்தாலும் கொடுப்பார்கள். அதன் லேசர் தலையைப் பிரித்தால் லென்ஸை இரண்டு திசையில் அசைக்கும் குட்டி வாய்ஸ் காயிலும், ஒளிப்புள்ளி நகர்வதைப் பார்க்கும் பல கூறாக வெட்டிய ஒளி உணரியும் உள்ளே இருக்கும். டிவிடியின் தடங்கள் 0.74 மைக்ரான் இடைவெளியில் இருப்பவை, சுழலும் தட்டில் அதைத் துரத்தியது அந்தச் சின்னப் பெட்டிதான். நீங்கள் படிக்க வேண்டிய கண்ட்ரோல் லூப் முழுக்க அதிலேயே இருக்கிறது.

குவாட் உணரியைப் பிரித்தெடுக்கச் சிரமமாக இருந்தால் கேமராவில் தொடங்கலாம், ஆனால் வினாடிக்கு 60 படம் எடுக்கும் கேமராவால் ஏறக்குறைய 6 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஆட்டத்தைத்தான் அடக்க முடியும், அதற்கு மேல் லூப்பின் தாமதமே ஆட்டத்தைப் பெரிதாக்கும். 10 மீட்டர் நீளமுள்ள காரிடாரில் சிவப்பு லேசர், ஒரு கண்ணாடி, சுவரில் கிராஃப் காகிதம். 1 மில்லிரேடியன் அங்கே 1 செ.மீ., கண்ணாலேயே பார்க்கலாம்.

லூப்பை மூடுவதற்கு முன் ஒரு வேலை செய்துவிடுங்கள். கண்ணாடியை அசைக்காமல் ஒரு மணி நேரம் புள்ளி எங்கே அலைகிறது என்று பதிவு செய்து, அதன் அதிர்வெண் படத்தைப் போட்டுப் பாருங்கள். ஃபேன், ஏசி, லிஃப்ட் என்று ஒவ்வொரு சிகரத்துக்கும் பெயர் எழுதுங்கள். பெயர் வைக்க முடியாத சிகரம் மிஞ்சினால் அதைக் கண்டுபிடித்துவிட்டு என்னிடம் வாருங்கள், கண்ட்ரோலரைப் பற்றி அப்புறம் பேசலாம்.